கல்சாம்பிராணியின் வயது

ஆலடிக்குப்பம் சோதனைச் சாவடியில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, கைகளை நீட்டச் சொல்லி, ஊதா விளக்கை அடித்துப் பார்ப்பார்கள். பிசின் தொட்ட கை அந்த வெளிச்சத்தில் நீலமாக மின்னும். ஜெயக்கொடியின் கை மின்னியது. நக இடுக்கில், விரல் சந்தில், உள்ளங்கை ரேகைகளில் எல்லாம் நீலம். காவலுக்கு நின்ற பெண் அவளுடைய முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே சில கட்டிகள் இருந்தன. பெரியது எலுமிச்சம்பழ அளவு.

“இது கம்பெனியோடது இல்லம்மா. பழைய மண்மேட்டுல பொறுக்குனது” என்றாள் ஜெயக்கொடி.

“அத ஸ்டேஷன்ல வந்து சொல்லு.”

அந்த வட்டாரத்தில் நிலக்கரிச் சுரங்கத்தை மூடிப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. கரி தோண்டிய காலத்தில் மேல்மண்ணை வாரிக் கொட்டியதில் குன்று குன்றாக மேடுகள் எழும்பியிருந்தன. மழை பெய்து மண் கரைந்தால் சரிவுகளில் மஞ்சளும் சிவப்புமாகக் கட்டிகள் தலைகாட்டும். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் அங்கே நின்ற காடு வடித்த பிசின், மண்ணுக்கடியில் கிடந்து கல்லாகிப் போனது. மற்ற தேசங்களில் அம்பர் என்று சொல்லி மாலை கோத்துப் போட்டுக்கொள்வது இதைத்தான். ஆலடிக்குப்பத்தில் அதன் பெயர் கல்சாம்பிராணி. முன்பு வார்னிஷ் காய்ச்சுகிறவர்கள் லாரி வைத்து வாங்கிப் போனார்கள். அவர்கள் வராமல் நின்ற பிறகு, ஊர்க்காரர்கள் அதைத் தணலில் போட்டுக் கொசுவுக்குப் புகை பிடித்தார்கள்.

வனநிதி கம்பெனி வந்தது அதற்கப்புறம். சுரங்கத்தைச் சுற்றியிருந்த முந்திரித் தோப்புகளை வளைத்துப் புது வகை மரம் நட்டார்கள். பட்டையெல்லாம் வெடித்து ஓயாமல் பிசின் வடிக்கும் மரம். அழுமரம் என்று ஊரில் பெயர் வைத்தார்கள். காற்றில் மண்டிக் கிடக்கும் கரியை மரம் இழுத்துப் பிசினாக்கும். அந்தப் பிசினைச் சூளையில் சுட்டுக் கல்லாக்கிப் பழைய சுரங்கக் குழிக்குள் அடுக்கிப் பூட்டிவிட்டால் பூமியின் சூடு கொஞ்சமாவது தணியும் என்பது திட்டம். விமானக் கம்பெனிகளும் சிமென்ட் ஆலைகளும் தாங்கள் கக்கும் புகைக்கு ஈடாக இந்தப் பிசினை விலைக்கு வாங்கின. வாங்கியதை யாரும் எடுத்துப் போக மாட்டார்கள். அது குழிக்குள்ளேயே கிடக்க வேண்டும், எந்தக் காலத்திலும் எரியக் கூடாது. அதற்கென்று ஒரு சட்டமும் வந்தது. பூட்டி வைத்த பிசினை எடுத்தால் மூன்று வருஷம் சிறை, எரித்தால் இன்னும் அதிகம்.

ஜெயக்கொடிக்குச் சட்டம் தெரியாமல் இல்லை. அவள் புருஷன் ராசாங்கம் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் அறுந்து விழுந்து முதுகு ஒடிந்தவன். கழுத்துக்குக் கீழே அசைவு கிடையாது. பழைய குழியில் தேங்கிய தண்ணீரிலிருந்து பொழுது சாய்ந்தால் கொசு புகையாய்க் கிளம்பும். அவனால் கையைத் தூக்கி ஒரு கொசுவைக்கூட அடிக்க முடியாது. வேறு எந்தப் புகைக்கும் அடங்காத கொசு கல்சாம்பிராணிக்கு அடங்கியது. அதனால் பொறுக்கினாள். மரத்துப் பிசினைத்தானே தொடக் கூடாது, மண்ணுக்குள் கிடப்பதற்கு என்ன என்று நினைத்தாள்.

நினைப்பில் தவறும் இல்லை. சட்டத்தில் புதுப் பிசினைப் பற்றித்தான் இருந்தது. கண்ணால் பார்த்தால் பழையதும் புதியதும் ஒன்றுபோல இருக்கும் என்பதுதான் சிக்கல்.

இலவசச் சட்ட உதவி மையத்திலிருந்து அவளுக்காக வந்த வக்கீல் முபாரக், இளைஞன். “உங்க பக்கம் சாட்சி சொல்ல யாராவது இருக்காங்களா?” என்று கேட்டபோது ஜெயக்கொடி கொஞ்சம் யோசித்துவிட்டு, “தமயந்தின்னு ஒரு பொண்ணு. கல்லுக்கு வயசு சொல்ற படிப்பு படிச்சிது” என்றாள்.

தமயந்தி புதுச்சேரியில் ஒரு ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது கல்சாம்பிராணிக்குள் சிக்கிய எறும்புகளையும் ஈக்களையும் தேடி ஆலடிக்குப்பம் மேடுகளில் ஒரு கோடைக்காலம் முழுக்க அலைந்தவள். தங்கியது ஜெயக்கொடி வீட்டில். முபாரக் போனில் விஷயத்தைச் சொன்னதும் மறு பேச்சில்லாமல் கிளம்பி வந்தாள்.

கிளைச் சிறையில் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, “அக்கா, ஒண்ணும் பயப்படாதீங்க. இத நிரூபிக்கறது ரொம்ப சுலபம்” என்றாள்.

“எப்படி நிரூபிப்ப? ரெண்டும் ஒரே நெறம், ஒரே வாசன.”

“உயிரோட நிக்கற மரம் காத்துலேர்ந்து கரிய இழுக்குதில்ல, அதுல ஒரு தனி ரகக் கரி துளியூண்டு இருக்கும். நாளாக ஆக அது தானா அழிஞ்சுடும். நேத்து வடிஞ்ச பிசின்ல அது இருக்கும். உங்க கட்டியில சுத்தமா இருக்காது. மிஷின்ல வெச்சா தெரிஞ்சுடும்.”

“அப்ப வுட்டுடுவாங்களா?”

“விட்டுத்தான் ஆகணும்.”

ஜெயக்கொடி தலையாட்டினாள். “அவருக்கு அவுரு தம்பி பொண்டாட்டிதான் சோறு ஊட்டுது. பெரட்டிப் படுக்க வைக்கணும்னு சொல்லு. சும்மா மல்லாக்கவே போட்டு வெச்சிருக்கப் போறாங்க.”

கோர்ட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் முபாரக் கேட்டான்: “எனக்கு ஒண்ணு புரியல மேடம். கொசுவுக்குப் புகை போட ஒரு பிடி பிசின். அதுக்கு மூணு வருஷமா?”

“இது புதுசில்ல” என்றாள் தமயந்தி. “வடக்கே பால்டிக் கடலோரத்துல அம்பர் கரை ஒதுங்கும். அந்தக் காலத்துல சிலுவைப்போர் வீரர்களோட ஒரு சபை அந்த நாட்டப் பிடிச்சுது. கரையில கிடக்கற அம்பர் பூரா எங்களுதுன்னுட்டாங்க. மீனவங்க இடுப்பளவு குளிர்தண்ணியில நின்னு வலை போட்டு அரிச்சு, அத்தனையையும் கொண்டுவந்து ஒப்படைக்கணும். பதிலுக்கு உப்பு குடுப்பாங்க. ஒரு துண்ட மடியில கட்டினா தூக்கு. ஊருக்குள்ளகூட இல்ல, கடற்கரையிலயே தூக்குமரம் நட்டு வெச்சிருந்தாங்க. பின்னாடி வந்த ராஜாக்கள் காலத்துல, திருட மாட்டேன், பக்கத்து வீட்டுக்காரன் திருடினா காட்டிக் குடுப்பேன்னு கரையோர ஜனங்க சத்தியம் பண்ணணும்.”

“அம்பரை வெச்சு என்ன பண்ணினாங்க அவ்வளவு?”

“பெரும்பாலும் ஜெபமாலை.”

முபாரக் சிரிக்கவில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு, “உங்க ரிப்போர்ட் ஒண்ணு போதும். கேஸ் நிக்காது” என்றான்.

அந்த ரிப்போர்ட்டை யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று தமயந்திக்குத் தோன்றியது. ஜெயக்கொடியின் கட்டியில் அந்தக் கரி இல்லை என்று மட்டும் சொன்னால், உன் மிஷின் பழுது என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். அதே மிஷினில் கம்பெனியின் புதுப் பிசினையும் வைத்து, இதில் இருக்கிறது, அதில் இல்லை என்று காட்டிவிட்டால் வாயடைத்துப் போகும். முபாரக்கைக் கொண்டு மனுப் போடச் செய்தாள். கோர்ட் அனுமதித்தது. கம்பெனியின் குழியில் வெவ்வேறு அடுக்குகளிலிருந்து கோர்ட் ஊழியர் ஒருவர் கையால் எடுத்து, அரக்கு முத்திரை வைத்த டப்பாக்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தன.

ஜெயக்கொடியின் கட்டியில் அந்தக் கரி இல்லை. எதிர்பார்த்ததுதான்.

கம்பெனியின் டப்பாக்களிலும் இல்லை.

தமயந்தி மிஷினைச் சந்தேகப்பட்டாள். சுத்தம் செய்து மறுபடி ஓட்டினாள். ஆய்வுக்கூட வாசலில் நின்ற வேப்பமரத்துப் பிசினைச் சுரண்டி வந்து வைத்துப் பார்த்தாள். அதில் இருந்தது. கம்பெனியுடையதை மறுபடி வைத்தாள். இல்லை. பிசினின் சேர்மானத்தைப் பிரித்துப் பார்த்தாள். ஜெயக்கொடியின் முந்தானையிலிருந்து வந்ததும் குழிக்குள்ளிருந்து வந்ததும் ஒரே காட்டில் வடிந்தவை. உலகத்துக்கு விற்ற அந்தப் பிசின் எந்தக் காற்றையும் சுத்தம் செய்திருக்கவில்லை. மண்ணுக்குள் தன்பாட்டுக்குக் கிடந்ததைத் தோண்டி, உருக்கி, கட்டியாக்கி, மறுபடி மண்ணுக்குள்ளேயே வைத்திருந்தார்கள்.

முபாரக் ரிப்போர்ட்டை வாசித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். “மேடம், இது கேஸே இல்ல. இது பூகம்பம்.”

“கோர்ட்ல வெச்சுச் சொல்லணும் முபாரக். பத்திரிகைக்காரங்க முன்னாடி. பேப்பர்ல எழுதினா கம்பெனி மறுத்துட்டுப் போயிடும். சாட்சிக் கூண்டுல சொன்னா பதிவாயிடும்.”

அவன் ஒரு கணம் தயங்கினான். “ஜெயக்கொடியம்மா கேஸுக்கு அவங்க கட்டியோட ரிசல்ட் மட்டும் போதும். கம்பெனி சாம்பிள நாம சேர்க்காமலும் இருக்கலாம்.”

“அத மறைக்கச் சொல்றீங்களா?”

“இல்ல, இல்ல. சேர்ப்போம்” என்றான் முபாரக். அவன் கண்ணிலும் பத்திரிகைத் தலைப்புகள் தெரிந்திருக்க வேண்டும்.

விசாரணைக்கு முன்னால் கிரிதரன் அவளைப் பார்க்க வந்தான். ஒரே கல்லூரியில் ஒன்றாகப் படித்தவன். இப்போது வனநிதியின் தலைமை விஞ்ஞானி. ஆய்வுக்கூட கேன்டீனில் உட்கார்ந்ததும் சுற்றி வளைக்காமல், “ரிசல்ட் என்னன்னு எனக்குத் தெரியும்” என்றான்.

“உனக்குத் தெரியாம இருக்குமா?”

“ஆரம்பத்துல பொய் இல்ல தமயந்தி. மரம் நெஜமாவே வடிச்சுது. ஆதி காலத்துல அந்தக் காடெல்லாம் ஏன் அவ்வளவு பிசின் வடிச்சுதுன்னு நாம படிச்சோமே, ஞாபகம் இருக்கா? ஒருவேளை அது நோயா இருக்கும்னு ஒரு கட்சி. அந்த நோயத்தான் நாங்க மரத்துக்கு ஏத்தினோம். ரெண்டு மழை வரைக்கும் கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. அப்புறம் மரம் பட்டுப்போச்சு. நட நடப் பட்டுப்போச்சு. அதுக்குள்ள பத்து வருஷத்துக்கு முன்கூட்டியே வித்தாச்சு. விமானம் பறந்தாச்சு, புகை மேல போயாச்சு. என்ன செய்யறது? யாரோ ஒருத்தன், மண்ணுக்குள்ளதான் கிடக்கே தோண்டுன்னான்.”

“வாங்கறவங்களுக்குத் தெரியாதா?”

“அவங்களுக்குச் சான்றிதழ் வேணும். சான்றிதழ் இருக்கு.” அவன் டம்ளரை நகர்த்தி வைத்தான். “உன்ன ஒண்ணு கேட்டுக்கறேன். கோர்ட்ல எங்க சாம்பிளப் பத்திப் பேசாத. அந்தம்மாவோடத மட்டும் சொல்லிட்டு இறங்கிடு. பேசினா அது அந்தம்மாவுக்குத்தான் கெட்டதா முடியும்.”

தமயந்தி எழுந்துவிட்டாள். “மிரட்டத்தான் இவ்வளவு தூரம் வந்தியா?”

“மிரட்டல. நான் சொல்றத...”

அவள் அதற்குள் படியிறங்கிப் போய்விட்டாள்.

விசாரணை நாளில் கோர்ட் நிரம்பியிருந்தது. முபாரக் சொல்லி வைத்ததில் சென்னையிலிருந்தெல்லாம் பத்திரிகைக்காரர்கள் வந்திருந்தார்கள். ஜெயக்கொடி குற்றவாளிக் கூண்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தமயந்தியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

முபாரக் கேட்கக் கேட்கத் தமயந்தி தெளிவாகச் சொன்னாள். கட்டியின் வயது நாலைந்து கோடி வருஷம். எந்த அழுமரமும் வடித்ததல்ல. பிறகு குரலை உயர்த்திக் கம்பெனியின் சாம்பிள்களைப் பற்றிச் சொன்னாள். அவையும் அதே வயது. அவையும் எந்த அழுமரமும் வடித்ததல்ல. உலகத்துக்கு விற்றது மோசடி. பின்வரிசையில் சலசலப்பு எழுந்தது. யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே போன் பேச ஓடினார்கள். தமயந்திக்கு உடம்பெல்லாம் லேசானது போலிருந்தது.

அரசு வக்கீல் நிதானமான, வயதான மனிதர். எழுந்து நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

“கம்பெனி குழியிலேர்ந்து கோர்ட் எடுத்து அனுப்பின சாம்பிள்கள நீங்கதான் சோதிச்சீங்க?”

“ஆமா.”

“குற்றவாளிகிட்ட இருந்து பிடிச்ச பொருளையும் நீங்கதான் சோதிச்சீங்க?”

“ஆமா.”

“ரெண்டுக்கும் வயசுல வித்தியாசம் உண்டா?”

“இல்ல. அதத்தான் நான்...”

“சேர்மானத்துல?”

“இல்ல.”

“அதாவது, ரெண்டும் ஒரே பொருள்.”

தமயந்தி முபாரக்கைப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்துக்கொண்டிருந்தது.

“பதில் சொல்லுங்கம்மா. ஒரே பொருள்தானே?”

“ஆமா. ஆனா அந்தப் பொருளே...”

“அவ்வளவுதான் ஐயா” என்று அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

முபாரக் துள்ளி எழுந்தான். குழியில் இருப்பதே பழைய பிசின் என்றால் சட்டம் அதைக் காக்கவே இல்லை, கம்பெனிக்கே அதன்மேல் பாத்தியதை இல்லை என்று வாதாடினான். மாஜிஸ்திரேட் அவன் பேசி முடிக்கும்வரை கேட்டார். கடைசியில், குழியில் இருப்பது புதுப் பிசின் என்று அரசுச் சான்றிதழ் இருக்கிறது, சான்றிதழைக் கேள்வி கேட்க இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை, அதை உரிய இடத்தில் உரிய முறையில் கேட்கலாம் என்றார். “இந்த வழக்கில் கேள்வி ஒன்றுதான். பிடிபட்டது கம்பெனியின் பொருளா, இல்லையா? இரண்டும் ஒரே பொருள் என்று குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புச் சாட்சியே சொல்லிவிட்டார்.”

மூன்று வருஷம்.

தாழ்வாரத்தில் போலீஸ்காரிக்குப் பக்கத்தில் நடந்து வந்த ஜெயக்கொடி தமயந்திக்கு முன்னால் நின்றாள். என்ன நடந்தது என்று அவளுக்கு முழுதாகப் புரிந்திருக்கவில்லை.

“நீ நெசத்தத்தான சொன்ன?”

“ஆமாக்கா.”

“ஏங் கல்லப் பத்தி மட்டும் சொல்லியிருந்தா வுட்டிருப்பாங்களா?”

ஜெயக்கொடி தமயந்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வண்டியில் ஏறினாள்.

கம்பெனியின் மோசடி மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. சில வாரங்கள் பெரிய பேச்சாக இருந்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்து குழியைப் பார்த்துப் போனது. கம்பெனி இழுத்து மூடப்படும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அந்தக் குழு அறிக்கை வெளியிட்டபோது அதில் ஒரு புது வகை இருந்தது. ‘காப்பாற்றப்பட்ட கரி.’ பழம்பிசினைத் தோண்டி எடுத்துப் பூட்டாமல் விட்டால் ஏழை ஜனங்கள் பொறுக்கி எரித்துவிடுகிறார்கள். ஆகவே அதைத் தோண்டிப் பூட்டுவதும் பூமிக்குச் செய்யும் சேவைதான், அதற்கும் விலை உண்டு என்றது அறிக்கை. அதற்கு ஆதாரமாக ஆலடிக்குப்பம் வழக்கின் தீர்ப்பைக் காட்டியிருந்தார்கள். பட்டுப்போன அழுமரங்களை வெட்டிவிட்டுக் கம்பெனி நேரடியாகவே தோண்ட ஆரம்பித்தது. சட்டத்தையும் திருத்தினார்கள். பழம்பிசினும் இப்போது உள்ளே வந்துவிட்டது.

மேல்முறையீடு தூங்கியது. ராசாங்கம் படுக்கைப்புண் புரையோடிச் செத்துப்போனான். காரியத்துக்கு ஜெயக்கொடியைப் போலீஸ் காவலோடு சில மணி நேரம் அனுப்பினார்கள். தகவல் தெரிந்து தமயந்தி போவதற்குள் அவளைத் திரும்ப அழைத்துப் போயிருந்தார்கள்.

சிறைக்கு மனுப் போட்டுப் பார்க்கப் போனபோதெல்லாம், கைதிக்கு விருப்பமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வருஷத்துக் கோடையில்தான் ஒரு தடவை உள்ளே விட்டார்கள்.

ஜெயக்கொடி இளைத்திருந்தாள். கைகளில் மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது. தமயந்தியின் பார்வை அங்கே போனதைக் கவனித்து, “பிசினு” என்றாள். “கம்பெனி லாரியில மண்ணோட கொண்டாந்து கொட்டுது. நாங்க பிரிச்சு வைக்கணும். எனக்குத்தான் எது கல்லு எது சாம்பிராணின்னு சட்டுனு தெரியுமே, அதனால மேஸ்திரி வேலையே குடுத்துட்டாங்க.”

“அக்கா...”

“வெளிய எடுத்தாத்தான் குத்தமாம். இங்க எடுத்தா நன்னடத்த.”

அதை அவள் கசப்பாகக்கூடச் சொல்லவில்லை. ஊர் விவரம் சொல்வது போலச் சொன்னாள். தமயந்தி அழுதாள். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தபோது ஜெயக்கொடி கையை உயர்த்தித் தடுத்தாள்.

“உன்ன ஒண்ணு கேக்கணும்னுதான் இன்னிக்கி உள்ள வுடச் சொன்னேன். போன மாசத்துலேர்ந்து புதுசு புதுசா பொம்பளைங்க வராளுங்க. எல்லாம் நம்ம பக்கத்து ஊருங்கதான், மேட்டுல பொறுக்குனவளுங்க. எப்படிடி மாட்டுனேன்னு கேட்டா, தமயந்தி டெஸ்ட்டுல மாட்டிக்கிட்டேன்றாளுங்க. அது என்னா?”

தமயந்தி கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வழக்குக்காக அவள் செய்த சோதனையின் முறையை அரசு எடுத்துக்கொண்டு மாவட்டத்துக்கு ஒரு மிஷின் வைத்திருந்தது. அந்தக் கரி இல்லையென்றால் பழம்பிசின். பழம்பிசின் என்றால் கம்பெனியுடையது. கோர்ட்டில் அதைக் கேள்வி கேட்க ஆள் இல்லை. சோதனையைச் செய்தவளே, இரண்டும் ஒரே பொருள் என்று ஒரு கோர்ட்டில் சத்தியம் செய்து சொல்லியிருந்தாள். அரசுத் தரப்பில் சாட்சி சொல்லக் கூப்பிட்டு வந்த சம்மன்கள் சில அவளுடைய மேஜையில் பிரிக்காமல் கிடந்தன.

“நான் உங்க கேஸுக்குப் பண்ணின டெஸ்ட்தான்க்கா. கல்லுக்கு வயசு சொல்றது.”

“அப்ப நீதான் அது.”

“நான்தான்.”

உள்ளே மணி அடித்தது. திரும்பின ஜெயக்கொடி ஏதோ நினைத்துக்கொண்டு மறுபடி வலைக்குப் பக்கத்தில் வந்தாள்.

“பயப்படாத” என்றாள் மெல்லிய குரலில். “உன்னத் தெரியும்னு நான் அவளுங்ககிட்ட சொல்லல.”